சந்தாவில் இல்லாத பெயர்

அத்தியாயம் பதினேழு

டெலிபோன் மேசை மாறியதை மறந்திருக்க மாட்டீர்கள். பதுளை பசார் வீதியில் பொன்னையாவின் வாடகைச் சாமான் கடையில் அந்த டெலிபோன் பதினான்கு வருடமாக மூத்த மருமகள் லீலாதேவியின் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. போன திங்கட்கிழமை மாமனார் அதைத் தன் கையாலேயே தூக்கி, இளைய மருமகள் மயூரியின் கம்பியூட்டருக்குப் பக்கத்தில் வைத்தார். லீலாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கேதான் வசதி என்று மட்டும் சொன்னார்.

அன்றிலிருந்து லீலாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் பொறாமையை மறைக்கிற முகம் அவளுக்கு வாய்க்கவில்லையே, கல்யாணத்துக்கு உட்காரக் கதிரை வாடகைக்குக் கேட்டு வந்தவர்கள்கூட என்ன சுகமில்லையா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

மயூரி இந்த வீட்டுக்கு வந்தது தை மாதத்தில். கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்தில் கிளார்க்காக இருந்த யாழ்ப்பாணத்துச் சிதம்பரநாதனின் மகள். பிறந்தது பதுளை, படித்தது கொழும்பு. அவளைக் கட்டிய ரஜீவ் கொழும்பில் வங்கி உத்தியோகம் பார்க்கிறான். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயிலேறிச் சனிக்கிழமை காலையில் வந்து இறங்குவான், ஞாயிறு திரும்பிவிடுவான். பதுளையில் சும்மா இருப்பானேன் என்று மயூரி கடைக்கு வரத் தொடங்கினாள். வந்த இரண்டாம் வாரமே அந்தச் சனியனைக் கொண்டுவந்தாள். சனியன் என்பது லீலாவின் வார்த்தை.

வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று இணையத்தில் நடத்துகிற கணக்கு முறை அது. மாதாமாதம் ரஜீவின் கார்டிலிருந்து சந்தா போகும். எத்தனை கதிரை வெளியே நிற்கிறது, எந்த மணவறை எந்த ஊரில் இருக்கிறது, எந்தக் கூடாரம் என்றைக்குத் திரும்பும் என்பதெல்லாம் திரையில் பச்சையும் சிவப்புமாக வரும். கொழும்பில் உட்கார்ந்துகொண்டே ரஜீவும் பார்ப்பான். இவ்வளவும் அதுவரை லீலாவின் தலைக்குள் இருந்தவை.

அந்தச் சந்தாவில் இரண்டு பேருக்குத்தான் இடம். ஒன்று ரஜீவ், மற்றது மயூரி. மூன்றாவது பெயர் வேண்டுமென்றால் பெரிய சந்தாவுக்கு மாற வேண்டுமாம். பிறகு பார்க்கலாம் என்றான் ரஜீவ். எட்டு மாதமாகியும் அந்தப் பிறகு வரவில்லை. பழக்கித் தருகிறேன் வாருங்கள் என்று மயூரி கூப்பிடும்போதெல்லாம் லீலாவுக்கு ஒரே பதில்தான். "எம் பேரு இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை?"

இனி இந்த வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

ஆவணி முகூர்த்தம். மறுநாள் சனிக்கிழமை மட்டும் ஏழு இடத்தில் கல்யாணம். லீலா கடையைத் திறந்து சாமிப் படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திக்கொண்டிருந்தபோது டெலிபோன் அடித்தது. மயூரி இன்னும் வரவில்லை. எட்டி எடுத்தாள்.

மடுல்சீமையிலிருந்து ஒரு தேயிலைத் தோட்டத் தலைவர் பேசினார். பெரிய கங்காணி குடும்பத்தில் ஒரு சாவு. சனம் நிறைய வரும், நேற்றிலிருந்து காற்றும் வெயிலுமாக இருக்கிறது, பெரிய கூடாரமும் கதிரைகளும் வேண்டும் என்றார்.

பொன்னையாவின் கடையில் சாவு வீட்டுக்கென்று ஒரு சட்டம் உண்டு. கேட்ட உடனே சாமான் போக வேண்டும். முற்பணம் வாங்கக் கூடாது. முக்கியமாக, அதை எங்கேயும் எழுதக் கூடாது. கல்யாண வீடுகளை எழுதுகிற கொப்பியில் சாவு வீட்டை எழுதுவது ஆகாது என்பது கிழவரின் எண்ணம். கருமாதி முடிந்த பிறகு அவர்களாகவே சாமானைக் கொண்டுவந்து, விருப்பப்பட்டதைக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அதுவரைக்கும் யாரும் கேட்கப் போவதில்லை.

கம்பியூட்டர் வந்தபோது இந்த இடத்தில் அது மாட்டிக்கொள்ளும் என்று லீலா ஆசையோடு காத்திருந்தாள். மயூரி ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். சாவு வீட்டுக்குப் போன சாமானைப் பழுதுபார்க்கப் போயிருப்பதாகப் போட்டுவிடுவாள். திரையில் சிவப்பாகிவிடும், சாவு என்ற பேச்சும் இருக்காது. "எனக்கு வாயால சொன்னால் போதும் அக்கா, மிச்சத்தை நான் பாக்கிறன்" என்று லீலாவிடம் சொல்லிவைத்திருந்தாள். மாமனாருக்கு இதில் அப்படி ஒரு சந்தோஷம். மகளே, மகளே என்று அவளை வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்ததும் அன்றைக்குத்தான். பதினான்கு வருடத்தில் லீலாவுக்கு 'ஏ புள்ள'க்கு மேல் ஒன்றும் கிடைத்ததில்லை.

லீலாவின் புருஷன் யோகராஜா லொறியைத் துடைத்துக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் கிளம்பிவிட்டான். மடுல்சீமை ரோட்டில் லொறி ஏறி இறங்கி, கூடாரம் கட்டி முடித்துத் திரும்புவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். ஆற்றோரத்து ஸ்டோரில் இருந்த ஒரே பெரிய கூடாரம் அதுதான்.

சாவியைத் திருகப் போனவன் நிறுத்தி, மயூரிக்குத் தெரியுமா என்று கேட்டான். தம்பி பெண்டாட்டியோடு மூத்தவன் நேருக்கு நேர் பேசுவது அந்த வீட்டு வழக்கமில்லை. யோகன் ஏதாவது சொல்ல வேண்டுமானால் லீலாவிடம் சொல்லுவான், லீலா மயூரியிடம் சொல்லுவாள். மரியாதைக்காக வந்த ஏற்பாடு அது.

"சொல்லிட்டேன்," என்றாள் லீலா.

திட்டம் போட்டுச் சொன்னதில்லை. வாயிலிருந்து தானாக வந்தது. லொறி திரும்பி மறைந்த பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பதே அவளுக்கு உறைத்தது. போகட்டும், அவள் வந்ததும் சொல்லிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டாள்.

மயூரி வந்தாள். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு, இரண்டு பேருக்கும் பேக்கரியிலிருந்து பணிஸ் வாங்கிக்கொண்டு வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் லீலாவின் நாக்கு உள்ளே போய்விட்டது. பிளேன்டீ குடித்த பிறகு சொல்லலாம் என்று இருந்தாள். குடித்து முடிப்பதற்குள் தெமோதரைக் கருப்பம்மா வந்து சேர்ந்துவிட்டாள்.

கருப்பம்மா கொழுந்து பறித்து இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். மூன்றாவது மகளுக்கு மறுநாள் கல்யாணம். கதிரையும் மணவறையும் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். பாழாய்ப்போன காற்று முந்தின நாள் தோட்டத்து மண்டபத்தின் கூரைத் தகடுகளைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டதாம். மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் கொஸ்லந்தையிலிருந்து இரண்டு பஸ்ஸில் வருகிறார்கள், அவர்களை எங்கே உட்காரவைப்பது என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

மயூரி திரையைப் பார்த்தாள். பெரிய கூடாரம் பச்சையாக இருந்தது. ஆனாலும் அந்தப் பெண் கவனக்காரி. திரும்பி லீலாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா, பெரிய கூடாரம் ஸ்டோரிலதானே இருக்கு?"

கதையில் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஒரு சொல் போதும். இல்லை, மடுல்சீமைக்குப் போய்விட்டது என்று சொல்லியிருந்தால் இந்த அத்தியாயமே வேறாகியிருக்கும். லீலா கதிரை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"என்னையா கேக்குற? ஒன் கம்பியூட்டரு சொல்றதுதானே சரி."

மயூரியின் முகம் கொஞ்சம் சுருங்கியது. இந்த மாதிரிக் குத்தல் அவளுக்குப் புதிதில்லை. லொறி கல்யாண வீடுகளுக்குப் போயிருக்கும் என்று நினைத்து, கருப்பம்மாவிடம் திரும்பி, கூடாரம் இன்று பின்னேரம் வந்து சேரும் என்று வாக்குக் கொடுத்தாள். கருப்பம்மா அவள் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள்.

சொன்ன பிறகு லீலா மடித்த உறையையே பிரித்து மறுபடி மடித்தாள். அவள் கெட்டவள் இல்லை, அதை இங்கே சொல்லியாக வேண்டும். கருப்பம்மாவின் மூத்த மகளுக்கு மணவறை கட்டும்போது விடிய விடியக் கூட நின்றவள் அவள். மத்தியானம் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபோது, போதும், சொல்லிவிடுவோம் என்று எழுந்துகூட விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமனார் ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஹாலிஎல பக்கத்துத் தோட்டம் ஒன்றின் பெரிய கிளார்க். அவரை நேராக மயூரியின் மேசைக்குக் கூட்டிப்போய், திரையைக் காட்டி, கொழும்பிலே இருக்கிறவனும் இதைப் பார்க்கிறான் தெரியுமா என்று பெருமையடித்தார். கடையையே இப்போது இந்தப் பிள்ளைதான் தாங்குகிறது என்றார். கிளார்க் போகிற போக்கில் லீலாவைக் காட்டி, இது யார் என்று கேட்டார். மூத்தவன் சம்சாரம், கூடமாட உதவியாக இருக்கும் என்றார் பொன்னையா.

கூடமாட உதவியா? பதினான்கு வருடம் இந்தக் கடையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் கூடமாட உதவியா? லீலா திரும்பவும் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தாள். எழுந்தபோது இருந்த மனசு உட்கார்ந்தபோது இல்லை. கம்பியூட்டரும் அவளும் கடையைத் தாங்கட்டும், எவ்வளவு தூரம் தாங்குகிறார்கள் என்று பார்ப்போம் என்று நினைத்தாள். அந்த நினைப்பு அவளுக்கு இனித்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பின்னேரம் யோகன் வெறும் லொறியோடு வந்து இறங்கினான். அடுத்து எங்கே என்று கேட்டவனிடம் பொன்னையா, தெமோதரைக்குப் பெரிய கூடாரத்தை ஏற்றச் சொன்னார். யோகன் அப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"எந்தப் பெரிய கூடாரம்ப்பா? அது மடுல்சீமையில எழவு வீட்டுல நிக்குது."

மயூரி எழுந்து நின்றுவிட்டாள். பொன்னையா திரையைப் பார்த்தார், மயூரியைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தது யார் என்று கேட்டார். நான்தான் மாமா என்றாள் அவள். மகளே என்ற சொல் அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. ஒரு தாய் நாளைக்கு நாலு பேருக்கு முன்னால் தலைகுனிந்து நிற்கப் போகிறாள், முப்பது வருடம் கட்டிக்காத்த பெயர் ஒரு பெட்டியை நம்பி நாசமாய்ப் போயிற்று என்று கத்தினார். தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

யோகன் குறுக்கே வந்தான். மயூரியைப் பார்க்காமல், லீலாவைக் காட்டி அப்பாவிடம் சொன்னான். "லீலா காலையிலேயே அந்தப் புள்ளகிட்ட சொல்லிருச்சுப்பா. நான் கேட்டுட்டுத்தான் லொறிய எடுத்தேன்."

எல்லோருடைய கண்ணும் மயூரியின் மேல் போயிற்று. மயூரியின் கண் லீலாவின் மேல் வந்தது.

இதோ சொல்லப் போகிறாள், இந்தக் கடையில் இனி எனக்கு ஒரு மூலைகூட மிஞ்சாது என்று லீலாவுக்குத் தோன்றியது. புருஷனின் முகத்தை இனி எப்படிப் பார்ப்பது என்பதும் அந்த ஒரு கணத்துக்குள் வந்து போயிற்று.

"ஓம் மாமா," என்றாள் மயூரி. "அக்கா சொன்னவா. நான்தான் மறந்துபோனன்."

பொன்னையா டெலிபோனைத் தூக்கிவந்து லீலாவின் மேசையில் வைத்தார். இனி யார் கேட்டாலும் லீலாதான் பதில் சொல்வாள், இந்தச் சந்தாவை மாதக் கடைசியோடு நிறுத்திவிடும்படி ரஜீவிடம் சொல்லிவிடு என்று மயூரிக்கு உத்தரவு போட்டார். மனசு ஆறாமல் வெளியே நடந்தார். யோகன் லொறிப் பக்கம் போனான்.

லீலா கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. டெலிபோன் மேசைக்கு வந்துவிட்டது, சனியன் ஒழிந்தது. ஆனால் அவளால் கதிரையில் உட்கார முடியவில்லை.

"ஏன் அப்புடி சொன்ன?"

மயூரி திரையில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திரும்பாமலே பேசினாள்.

"நீங்க சொல்லேல்லை எண்டு நான் சொல்லியிருந்தா பெரியத்தானுக்கு முன்னால உங்கட நிலைமை என்ன? எனக்கென்ன அக்கா, மறதிக்காரி எண்டு ஒரு பெயர் வந்திட்டுப் போகட்டும். நான் கொழும்புக்குப் போறவள்தானே."

"கொழும்புக்கா?"

"கல்யாணம் கட்டின நாள்ல இருந்து அவர் வரச்சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். உங்களுக்கு இதைப் பழக்கிக் குடுத்திட்டுப் போகலாம் எண்டுதான் நான் நிண்டது. நீங்க இந்தப் பக்கமே வரேல்ல. பெரிய சந்தாவுக்கு மாத்தி உங்கட பெயரைச் சேர்க்கிறன் எண்டு போன கிழமைதான் அவர் ஒத்துக்கொண்டவர். நாளைக்கு அவர் வந்தாப் பிறகு சொல்லுவம் எண்டிருந்தன்."

இதைக் கேட்டு லீலாவின் மனம் இளகியது என்று எழுத எனக்கும் ஆசைதான். இளகவில்லை. தனக்கு வேண்டாம் என்று ஒருத்தி தள்ளி வைத்திருந்த இடத்துக்காகவா எட்டு மாதம் வெந்து செத்தோம் என்று அவளுக்குக் குமுறியது. படிப்பும் அவளுக்கு, கொழும்பும் அவளுக்கு, மாமனாரின் செல்லமும் அவளுக்கு, இப்போது பெருந்தன்மையும் அவளுக்கேவா? திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இரக்கப்பட்டதைத்தான் லீலாவால் தாங்க முடியவில்லை.

டெலிபோன் அடித்தது. லீலா பாய்ந்து எடுத்தாள். கருப்பம்மாதான். லொறி புறப்பட்டுவிட்டதா, ஆட்கள் வழி பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்றாள். லீலாவுக்கு வாய் வரவில்லை. யார் பேசுறது என்று கேட்டாள் கருப்பம்மா.

"லீலா பேசுறேன்ம்மா."

"நீங்க வேணாம் தாயி. காலையில வாக்கு குடுத்துச்சே அந்தச் சின்னப் புள்ள, அதுகிட்ட குடுங்க."

லீலா ரிசீவரை நீட்டினாள். மயூரி வாங்கி, சுற்றி வளைக்காமல் பேசினாள். பெரிய கூடாரம் வராது, பிழை எங்களுடையது என்றாள். பிறகு திரையைப் பார்த்தபடியே, இன்று ஒரு வீட்டிலிருந்து இரண்டு சின்னக் கூடாரம் கழற்றுகிறார்கள், இரண்டையும் சேர்த்துக் கட்டினால் இரண்டு பஸ் சனமும் நிழலில் இருக்கலாம், இன்றைக்கே வந்துவிடும் என்று சொன்னாள். அந்தப் பக்கத்தில் கருப்பம்மாவின் குரல் தெளிந்தது லீலாவுக்கே கேட்டது. அழப் போனவள் சிரிக்கிறாள். நல்லாயிரு தாயி என்று வாழ்த்துகிறாள்.

மயூரி ரிசீவரை வைக்கவும் பொன்னையா உள்ளே வரவும் சரியாக இருந்தது. பின்னால் யோகனும் வந்தான். தெமோதரையிலிருந்துதானே, என்ன சொன்னார்கள் என்று கிழவர் பயந்துகொண்டே கேட்டார்.

மயூரி வாயைத் திறப்பதற்குள் லீலா முந்திக்கொண்டாள்.

"கவலைப்படாதீங்க மாமா. ரெண்டு சின்னக் கூடாரத்த சேத்துக் கட்டிறலாம். நான் பேசி ஏற்பாடு பண்ணிட்டேன்."

சொல்லி முடித்ததும் அவளுக்கே காது சுட்டது. ஆனால் பொன்னையாவின் முகம் மலர்ந்துவிட்டது. லீலாவின் தலையில் கைவைத்து, இதுக்குத்தான் நீ வேணும்கிறது மகளே என்றார். மகளே. இந்தச் சொல்லுக்காக அவள் எவ்வளவு ஏங்கியிருக்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும்.

மயூரி மறுத்துச் சொல்லவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. கம்பியூட்டரை நிறுத்தினாள். திரை இருண்டது. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, போயிட்டு வாறன் மாமா என்று சொல்லிவிட்டு வாசல் படிக்குப் போனாள்.

யோகன் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"சரி லீலா. எங்க போய் ஏத்தணும்? எந்த வீடு?"

லீலா இருண்ட திரையைப் பார்த்தாள். எந்த வீடு? அன்றைக்கு ஊரெல்லாம் கடைச் சாமான் நின்றது. அதில் எந்த வீட்டில் இரண்டு சின்னக் கூடாரத்தைக் கழற்றுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. இந்த எட்டு மாதத்தில் வாங்கிய முன்பதிவு எதுவும் அவள் தலைக்குள் இல்லை. மயூரி டெலிபோனில் ஊரின் பெயரைச் சொல்லவுமில்லை. அதைத் திறந்து பார்க்கலாம் என்றால், அதற்குள் போக அவளுக்குப் பெயரே இல்லை.

"சொல்லு புள்ள, இருட்டப் போவுது," என்றார் பொன்னையா.

வாசல் படியில் மயூரி செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரை மாட்டினாள், நிதானமாக அடுத்ததை எடுத்தாள். அவள் அவசரப்படவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. யோகன் அவளிடம் நேராகக் கேட்க மாட்டான். தெமோதரையில் சனம் காத்திருக்கிறது. கேட்க வேண்டியவள் லீலா ஒருத்திதான், அதுவும் மாமனாருக்கும் புருஷனுக்கும் முன்னால்.

மயூரி எழுந்து தெருவில் கால் வைத்தாள்.

"மயூரி," என்று கூப்பிட்டாள் லீலா.